தவணை தவறினால்: காத்திருப்பதா, பேசுவதா, இன்னொரு கடன் வாங்குவதா?

கம்பெனி வாங்கிய கடனில் ஒரு தவணை தவறிவிட்டால் எல்லாரும் உடனே பணத்தைத் தேடி ஓடுகிறார்கள். அதற்கு முன்னால் காரணத்தைத் தேடச் சொல்வேன் நான். சரக்கு போய்ச் சேர்ந்தாயிற்று, பில்லும் போட்டாயிற்று, வாங்கியவர்தான் இழுத்தடிக்கிறார் என்றால் அது தேதிக் கோளாறு. விற்று வருவதெல்லாம் சம்பளத்துக்கும் மூலப்பொருளுக்குமே சரியாகி, தவணைக்கு எதுவுமே மிஞ்சவில்லை என்றால் அது தொழில் கோளாறு. தேதிக் கோளாறுக்குக் கைகொடுக்கிற வழி, தொழில் கோளாறில் ஆளை இன்னும் ஆழத்தில் இறக்கிவிடும். கீழே வரும் வழிகளை எடைபோடும்போது இந்த இரண்டில் நீங்கள் எது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று காத்திருப்பது. ஓரிரு நாள் தாமதம் என்றால் இதில் பெரிய கேடு இல்லை. தாமதக் கட்டணம், அபராத வட்டி, ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான். சில ஒப்பந்தங்களில் சலுகை நாட்களும் உண்டு. ஆனால் கடன் கொடுத்தவருக்கும் ஒரு நாள் கணக்கு இருக்கிறது. 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐஎஃப்ஆர்எஸ் 9 என்ற பன்னாட்டுக் கணக்கியல் விதி, தவணை 30 நாள் தாண்டினால் அந்தக் கடனின் ஆபத்து கணிசமாகக் கூடிவிட்டதாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. மறுக்க வேண்டுமானால் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அதுவரை அடுத்த 12 மாதத்தில் வரக்கூடிய நஷ்டத்துக்கு மட்டும் பணம் ஒதுக்கியவர்கள், இனி கடன் முடியும்வரை வரக்கூடிய நஷ்டம் முழுவதற்கும் ஒதுக்க வேண்டும். 90 நாளில் அது கடன் தவறியதாகவே கருதப்படும். வங்கிகளுக்கான பாசல் விதிகளும் 90 நாளில்தான் கோடு போடுகின்றன.

இதன் நடைமுறை அர்த்தம் என்ன? பத்தாம் நாளில் உங்களோடு பேசிய கிளை அதிகாரிக்கு ஏதாவது செய்துகொடுக்கும் அதிகாரம் இருக்கும். நூறாம் நாளில் கோப்பு அவர் மேசையில் இருக்காது. வசூல் பிரிவுக்கோ வக்கீலுக்கோ போயிருக்கும். சும்மா காத்திருப்பவர் இழப்பது அபராத வட்டியை மட்டுமல்ல, பேரம் பேசும் இடத்தையும்தான்.

காத்திருப்பவர்கள் படிக்க மறக்கிற மூன்று நிபந்தனைகள் ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் இருக்கும். ஒன்று, தவணை தவறினால் மிச்சக் கடன் முழுவதையும் உடனே கேட்கலாம் என்பது. இன்னொன்று, ஒரு கடனில் தவறினால் மற்றக் கடன்களிலும் தவறியதாகக் கொள்ளலாம் என்பது. இது இருந்தால் சின்ன இயந்திரக் கடனில் விட்ட தவணை பெரிய கட்டடக் கடனை உலுக்கிவிடும். மூன்றாவது, அதே வங்கியில் உள்ள நடப்புக் கணக்கிலிருந்து பாக்கியை அவர்களே எடுத்துக்கொள்ளும் உரிமை. சம்பளம் போடும் நாளில் கணக்கு காலியாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் இந்த வரி பலருக்குத் தெரியவருகிறது.

சரி, பேசுவது என்றால் என்ன கேட்பது? சில மாதத் தவணை விடுப்பு, கொஞ்ச காலம் வட்டி மட்டும் கட்டுவது, காலத்தை நீட்டித் தவணையைக் குறைப்பது ஆகிய மூன்றும் வழக்கமானவை. இதற்கு நேர் போட்டியாக வந்து நிற்பது, ஆவணம் அதிகம் கேட்காமல் ஒரே நாளில் பணம் போட்டுவிட்டுத் தினமும் விற்பனையிலிருந்து பிடித்துக்கொள்ளும் அவசரக் கடன். இரண்டையும் எண்களில் வைத்துப் பார்ப்போம்.

மிச்சக் கடன் 100, வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், இன்னும் 36 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை சுமார் 3.32. மூன்று மாத விடுப்பு வாங்கி, அந்த வட்டியை அசலோடு சேர்த்து, பிறகு 36 மாதத்தில் கட்டினால் தவணை 3.42 ஆகும். மொத்தத்தில் கூடுதலாகக் கொடுப்பது ஏறக்குறைய 3.6. இப்போது அவசரக் கடன்: மூன்று தவணையைக் கட்ட 10 வாங்குகிறீர்கள், ஆறு மாதத்தில் 13 ஆகத் திருப்ப வேண்டும். கூடுதல் செலவு 3 மட்டுமே. விடுப்பை விட மலிவு போலத் தெரிகிறது இல்லையா? விற்க வருகிறவரும் இதைத்தான் சொல்வார்.

ஆனால் அந்த 3 ஐ ஆண்டு வட்டியாக மாற்றினால் 100 சதவீதத்தைத் தாண்டும், ஏனென்றால் அசலே தினமும் கரைந்துகொண்டு வருகிறது. அதைவிட முக்கியம் மாதச் சுமை. முதல் மூன்று மாதம், அவசரக் கடனுக்கு மட்டும் கையிலிருந்து மாதம் 2.17 போகும். நான்காம் மாதம் முதல் பழைய தவணையும் சேர்ந்துகொள்ள, மாதம் 5.49. மாதம் 3.32 கட்ட முடியாதவர் 5.49 ஐ எங்கிருந்து கொண்டுவருவார்? இன்னொரு அவசரக் கடனிலிருந்துதான். விடுப்பு வாங்கியவருக்கோ முதல் மூன்று மாதம் பூஜ்யம், அப்புறம் 3.42. மொத்தச் செலவைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. வரப்போகும் பெரிய தொகை எந்த வாரத்தில் வரும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் ஒழிய, அவசரக் கடன் பக்கமே போகவேண்டாம் என்பது என் கட்சி.

விடுப்பிலும் குறை இல்லாமல் இல்லை. சில இடங்களில் மறுசீரமைத்த கடன் என்ற குறிப்பு கடன் வரலாற்றில் ஏறும். கூடுதல் ஈடு கேட்பார்கள். தொழில் கோளாறாக இருந்தால் மூன்று மாதம் கழித்து அதே கதவின் முன்னால்தான் நிற்பீர்கள். கேட்கப் போகும்போது அடுத்த 13 வாரத்தின் வரவு செலவை வாரம் வாரமாகப் போட்டு எடுத்துப் போங்கள். நிலைமை சீக்கிரம் சரியாகிவிடும் என்ற வாய் வார்த்தையை அவர்கள் தினமும் கேட்கிறார்கள். ஒத்துக்கொண்டதை எழுத்தில் வாங்குவதும் அவசியம், தொலைபேசியில் சொன்னது அடுத்த அதிகாரியிடம் செல்லாது.

தேதிக் கோளாறுக்கு இன்னொரு நல்ல வழி, வரவேண்டிய பில்களைத் தள்ளுபடியில் விற்பது. பில் தொகையில் பெரும்பகுதி உடனே கையில் வரும், வாடிக்கையாளர் கட்டியதும் கட்டணம் போக மிச்சம் வரும். இது புதுக் கடன் சுமை அல்ல என்று சொல்வார்கள். பாதி உண்மை. வாடிக்கையாளர் கட்டாவிட்டால் நீங்களே திருப்பித் தரவேண்டும் என்ற வகையில் விற்றிருந்தால் அதுவும் கடன்தான். தவிர, ஏற்கெனவே கடன் கொடுத்தவர் வரவேண்டிய பாக்கிகளையும் ஈடாக எழுதி வாங்கியிருந்தால் அவர் சம்மதம் இல்லாமல் அவற்றை விற்க முடியாது.

தொழிலே கட்டுப்படியாகவில்லை என்றால் மிச்சம் இருப்பது இரண்டு: குறைந்த தொகைக்கு ஒரே தடவைத் தீர்வு பேசுவது, அல்லது திவால் சட்டத்தின் கீழ் போவது. ஒரே தடவைத் தீர்வுக்குக் கையில் மொத்தமாகப் பணம் வேண்டும். அது இல்லாமல் பேசப் போவது வீண். ஓடாத இயந்திரத்தையோ உபரி இடத்தையோ கடன் கொடுத்தவர் ஏலம் போடுவதற்கு முன் நாமே விற்றால் பெரும்பாலும் நல்ல விலை கிடைக்கும், தீர்வுக்கு வேண்டிய பணமும் அதிலிருந்தே வரும். இப்படித் தீர்த்தால் கடன் வரலாற்றில் முழுதாகக் கட்டி முடித்தது என்று வராது, குறைத்துத் தீர்த்தது என்றுதான் வரும். தள்ளுபடியான தொகையை வருமானமாக வரி விதிப்பில் சேர்க்கும் நாடுகளும் உண்டு.

திவால் வழியில் பெரிய லாபம், கடன் கொடுத்தவர்களின் கை தற்காலிகமாகக் கட்டப்படுவது. மற்றபடி நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவின் 11ஆம் அத்தியாய நடைமுறையில் பொதுவாகப் பழைய நிர்வாகமே கம்பெனியை நடத்திக்கொண்டு மீட்புத் திட்டம் போடலாம். இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழக்கமான நடைமுறையிலோ நிர்வாகம் தீர்வு நிபுணர் கைக்குப் போய்விடும். எங்கே இருந்தாலும் ஒன்றைச் செய்யாதீர்கள்: மூழ்கப்போவது தெரிந்த பிறகு மைத்துனரின் கைமாற்றை மட்டும் ரகசியமாகத் தீர்ப்பது. பல நாட்டுச் சட்டங்கள் அந்தப் பணத்தைத் திரும்பப் பிடுங்க இடம் தருகின்றன.

இத்தனை வழிகளையும் தலைகீழாக்கக்கூடிய ஒரு காகிதம் உண்டு: தனிப்பட்ட உத்தரவாதம், அதாவது கம்பெனி கட்டாவிட்டால் நானே கட்டுகிறேன் என்று போடும் கையெழுத்து. கம்பெனி வேறு, அதை நடத்துபவர் வேறு என்பதை பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1896இல் சாலமன் வழக்கில் உறுதிப்படுத்தியது. அந்தச் சுவரில் கதவு வைப்பது இந்த உத்தரவாதக் கையெழுத்துதான். ஈடு இல்லாத கடன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஈட்டுக்குப் பதிலாகவே அந்தக் கையெழுத்தை வாங்கியிருப்பார்கள். ஈடுள்ள கடனில் இயந்திரத்தை எடுத்து விற்று, போதாததைக் கேட்பார்கள். இதில் நேராக உங்கள் வீட்டுக்கே வரலாம். கம்பெனி திவாலில் நிம்மதியாக இருக்கும்போது உத்தரவாதம் கொடுத்தவர் மீது வழக்கு நடப்பது சாதாரணம்.

ஆகவே தீர்வுத் தொகை பேசும்போது கம்பெனியின் பாக்கி தீர்ந்தது என்ற கடிதத்தோடு நிறுத்தாமல், உத்தரவாதம் கொடுத்த ஒவ்வொருவரும் விடுவிக்கப்பட்டார் என்ற வரியையும், ஈட்டுப் பதிவை நீக்கும் தேதியையும் கேளுங்கள். பணம் கைமாறுவதற்கு முன்பே கேளுங்கள். மாறிய பிறகு அந்தக் கடிதத்துக்காக அலைபவர்கள் நிறையப் பேர்.