மீன் ஆராய்ச்சிக்கு வாங்கிய டெட்ராசைக்ளின் டிஸ்க்

வளர்ப்பு மீன்களில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா எப்படிப் பரவுகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு, அதனால் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 30 மைக்ரோகிராம் ஏற்றிய இந்தச் சின்னக் காகித டிஸ்க் தினமும் கையில் புழங்குகிற சாமான். ஈ. கோலை 25922 என்ற தரச்சோதனை பாக்டீரியாவை வைத்துச் சரிபார்த்தால், டிஸ்க்கைச் சுற்றி பாக்டீரியா வளராத வளையம் 18 முதல் 25 மி.மீ.க்குள் ஒழுங்காக விழுகிறது, இந்த விலைக்கு வேறென்ன வேண்டும். கெண்டையிலிருந்து எடுத்த ஏரோமோனாஸ் பாக்டீரியா சிலது மட்டும் டிஸ்க்கின் விளிம்பு வரை அடர்த்தியாக வளர்ந்து நிற்கும். அது டிஸ்க்கின் குறை இல்லை, எதிர்ப்பு மரபணுவைப் பிளாஸ்மிட் (பாக்டீரியாக்கள் கைமாற்றிக்கொள்ளும் சின்ன டி.என்.ஏ. துண்டு) வழியாகப் பக்கத்து பாக்டீரியாவிடமிருந்து வாங்கிக்கொண்ட கூட்டமாக இருக்கலாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குப்பியைத் திறக்காதீர்கள், உள்ளே வியர்த்து டிஸ்க் வீணாகும். டெலிவரிதான் படுமோசம். ஐஸ் பேக் கரைந்து வெதுவெதுப்பாக வந்தது, மாற்றித் தந்தார்கள், சரி, ஆனால் கெஞ்ச வைத்துவிட்டார்கள். கோடையில் நேரில் போய் வாங்குங்கள்.