சோர்ஸிலிருந்து கட்டிய என்என்என்: சில வருஷம் ஓட்டிப் பார்த்ததில்

டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) ஃபைல் மேனேஜர் என்றதும் பலருக்கு மிட்நைட் கமாண்டரின் நீலத் திரைதான் ஞாபகம் வரும். 1994-இல் வந்தது, இன்னும் நன்றாகவே ஓடுகிறது. நான் அதிலிருந்து என்என்என் என்ற இன்னொரு ஃபைல் மேனேஜருக்கு மாறி வருஷங்கள் ஆகின்றன. நாய்ஸ் என்ற குட்டி நிரலிலிருந்து கிளை பிரித்து அருண் பிரகாஷ் ஜனா வளர்த்தெடுத்தது இது. முழுக்க சி மொழி. என் மெஷின், பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழையதாக வாங்கிய திங்க்பேட், உபுண்டு போட்டிருக்கிறேன்.

"ஆப்ட்லயே இருக்குல்லண்ணே, அப்புறம் எதுக்கு மேக்கு கீக்குன்னு?" என்று எங்கள் டீமில் இருக்கும் மதுரைத் தம்பி கேட்டான். ஆப்ட் என்பது உபுண்டுவில் ரெடிமேட் நிரல்களை இறக்கித் தரும் கருவி; மேக், சோர்ஸைக் கம்பைல் செய்து ஓடும் நிரலாக (பைனரி) கட்டித் தருவது. நியாயமான கேள்விதான். ஆனால் ஐகான் வேண்டுமா, ரீட்லைன் (தட்டச்சு செய்யும் வரியைத் திருத்த உதவும் லைப்ரரி) வேண்டாமா என்பதையெல்லாம் இந்த நிரலில் கம்பைல் செய்யும்போதே முடிவுசெய்ய வேண்டும். பிறகு செட்டிங்ஸில் போய் மாற்ற முடியாது. ஆப்ட் தருவது யாரோ ஏற்கெனவே முடிவுசெய்து வைத்தது.

கட்டுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. டெர்மினலில் திரை வரையும் என்கர்சஸ், ரீட்லைன் இரண்டுக்கும் டெவ் பேக்கேஜ் (கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் ஃபைல்கள் உள்ளது), கூடவே லைப்ரரிகளைக் கண்டுபிடிக்கும் பிகேஜி-கான்ஃபிக், சி கம்பைலர் ஜிசிசி, மேக். இவை இருந்தால் ஐகானுக்கான ஓ-நெர்ட் என்ற தேர்வை 1 என்று வைத்து மேக் அடித்தால் போதும். டீ ஆற்றுவதற்குள் முடிந்துவிடும். டெவ் பேக்கேஜ் இல்லையென்றால் ஹெடர் ஃபைல் காணோம் என்று முதல் வரியிலேயே நின்றுவிடும். ஐகான் தெரிய டெர்மினலில் ஐகான்கள் சேர்த்த நெர்ட் ஃபான்ட்டும் வேண்டும். இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத்தான் வரும். ஆபீஸ் சர்வரில் எனக்கு சூடோ, அதாவது அட்மின் உரிமை, கிடையாது. அங்கே ப்ரீஃபிக்ஸை (நிரல் போய் உட்காரும் இடம்) ஹோமுக்குள் இருக்கும் லோக்கல் ஃபோல்டருக்கு மாற்றி இன்ஸ்டால் செய்தேன், யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அன்றாடப் புழக்கத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது நாலு கான்டெக்ஸ்ட், ப்ரௌசர் டேப் மாதிரி. 1 முதல் 4 வரை எண்ணை அழுத்தினால் அந்தந்த ஃபோல்டருக்குப் போய்விடலாம். வெளியே வரும்போது ஷெல்லும் (டெர்மினலில் நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) கடைசியாக இருந்த ஃபோல்டரிலேயே நிற்க வேண்டுமென்றால், சோர்ஸோடு வரும் குட்டி ஃபங்ஷனை ஷெல்லின் செட்டிங்ஸ் ஃபைலான பாஷ்ஆர்சியில் சேர்க்க வேண்டும். ஒரு நிரலால் தன்னைக் கிளப்பிவிட்ட ஷெல்லின் டைரக்டரியை மாற்ற முடியாது என்பதால்தான் இந்தச் சுற்றுவழி. அழிக்கும் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை: ஒருமுறை கேட்டுவிட்டு நிரந்தரமாகவே அழித்துவிடும். அழிப்பதைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பும் ட்ராஷ்-சிஎல்ஐ கருவியைப் போட்டு, என்என்என்-ட்ராஷ் என்ற ஷெல் மாறியை 1 ஆக்கிய பிறகு புழங்குங்கள்.

தமிழ் ஃபைல் பெயர்கள்தான் என் உண்மையான சோதனை. வீட்டில் ஸ்கேன் செய்த பழைய கடிதங்கள், கச்சேரி ஒலிப்பதிவுகள் எல்லாவற்றுக்கும் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன். லோகேல் (சிஸ்டத்தின் மொழி அமைப்பு) யுனிகோட் எழுத்துகளுக்கான யுடிஎஃப்-8 ஆக இருந்தால் பெயர்கள் வருகின்றன, ஆனால் அழகாக அல்ல. என் டெர்மினலில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் உட்கார்கிறது. பட்டியலின் நெடுவரிசைகளும் கொஞ்சம் கோணும். யூனிகோடில் புள்ளிக்கும் ஈகாரக் குறிக்கும் அகலம் பூஜ்யம், ஆகாரக் காலுக்கு ஒரு கட்டம். ஃபான்ட் வரைவது இந்தக் கணக்கோடு ஒத்துப்போவதில்லை. இது டெர்மினலின் குறை. என்என்என்-ஐக் குற்றம் சொல்ல மாட்டேன்.

இன்னொரு கூத்தும் உண்டு. தமிழ்99 விசைப்பலகை ஆன் ஆகியிருக்கும்போது, வெளியேறுவதற்கான க்யூ விசையைத் தட்டினால் நிரலுக்கு 'ஆ' போகும், அது பேசாமல் இருக்கும். தேடும்போது மட்டும் தமிழுக்கு மாறிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அப்படித் தேடியும் கிடைக்காத சில ஃபைல்கள் இருந்தன. கண்ணுக்கு 'கொ' என்றுதான் தெரிகிறது, தேடிப் பார்க்கும் ஃபில்டர் இல்லை என்கிறது. எல்லாம் உறவினரின் பழைய மேக் ஹார்ட்டிஸ்கிலிருந்து வந்தவை. அந்தக் காலத்து மேக்கின் ஃபைல் சிஸ்டமான எச்எஃப்எஸ் ப்ளஸ் ஒகர, ஓகாரக் குறிகளைக் கொம்பு வேறு, கால் வேறாகப் பிரித்துச் சேமிக்கும். லினக்ஸ் பைட்டுகளை அப்படியே ஒப்பிடுவதால் இரண்டும் அதற்கு வேறு வேறு பெயர். பெயர்களை மாற்றும் கான்வ்எம்வி கருவியில், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றியதும் எல்லாம் அகப்பட்டன.

பராமரிப்புக்கு வருகிறேன். சோர்ஸிலிருந்து போட்டதைப் புதுப்பிப்பது நம் பொறுப்பு. உபுண்டு 18.04-லிருந்து 20.04-க்குப் போனபோது ரீட்லைன் 7 போய் 8 வந்தது. நாம் கட்டிய பைனரி பழைய லைப்ரரியை நம்பியிருக்கிறது என்று ஆப்ட்டுக்குத் தெரியாது. தேவையில்லாததை நீக்கும் அதன் ஆட்டோரிமூவ் கட்டளை அந்த லைப்ரரியைத் துடைத்துவிட்டது, என்என்என் கிளம்ப மறுத்தது. மறுபடி மேக் அடித்ததும் சரியாயிற்று. அதனால் சோர்ஸ் ஃபோல்டரை நான் தூக்கிப் போடுவதில்லை. நீக்கவும் அதே ஃபோல்டரிலிருந்து மேக் அன்இன்ஸ்டால்தான். ப்ளக்இன்களையும் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) பைனரியின் வெர்ஷனுக்கு ஏற்ற மாதிரி மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள்.

படம், வீடியோ ப்ரிவியூதான் முக்கியம் என்பவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். ப்ளக்இன் போட்டு ஒப்பேற்றலாம், ஆனால் வேலை அதிகம். யாஸி என்ற இன்னொரு டெர்மினல் ஃபைல் மேனேஜர் அந்த விஷயத்தில் எங்கேயோ முன்னால் இருக்கிறது. என்ன, அது ரஸ்ட் மொழியில் எழுதியது; அந்த மொழியின் கட்டும் கருவியான கார்கோ இழுத்துவரும் கிரேட்டுகளையெல்லாம் (துணை லைப்ரரிகள்) கட்டி முடிப்பதற்குள் என் திங்க்பேட்டின் ஃபேன் வீடு முழுக்கக் கேட்கும். அதை மட்டும் ரெடிமேட் பைனரியாகவே இறக்கிக்கொண்டேன்.