ஏப்ரல் 1ல ஆரம்பிச்ச நோட்டு: ஒரு வருஷம் யூஸ் பண்ணி பாத்துட்டு எழுதுறேன்

நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன், ஜிஎஸ்டி, டிடிஎஸ் (பணம் குடுக்கும்போதே புடிச்சு கட்டுற வருமான வரி) ரெண்டும் என் பொறுப்பு, மொத்தம் 38 பார்ட்டி, அதாவது எங்ககிட்ட கணக்கு குடுக்குறவங்க. எங்களுக்கு வருஷம் பொறக்குறது ஏப்ரல் 1ஆம் தேதி. ஆனா ஓசில வர்ற டயரி எல்லாம் ஜனவரில ஆரம்பிச்சு டிசம்பர்ல முடிஞ்சிடும், வேலை கழுத்தை நெரிக்கிற நேரத்துல பழசுல இருந்து புதுசுக்கு மாத்தி எழுதுறதுலயே பாதி விட்டுப்போயிடும். ஜிஎஸ்டி கணக்கு போட கடைசி நாளான 20ஆம் தேதிக்கு ஒரு பக்கம் பத்தவே பத்தாது, ஞாயித்துக்கிழமை பக்கம் காலியா கெடக்கும். அதனால போன வருஷம் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுல தேதி போடாத நோட்டா பாத்து வாங்குனேன். ஏ5 சைஸ், கெட்டி அட்டை, கோடு போட்டது, 288 பக்கம், 180 ரூபா.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது பைண்டிங்தாங்க. நூல் வச்சு தைச்சது. நடுவுல திறந்து பாத்தா மடிப்புல நூல் தெரியும், வாங்கும்போது அதை மட்டும் கண்டிப்பா பாத்துக்கோங்க. டேபிள்ல விரிச்சு வச்சா தானா மூடாது, ஒரு கைல போன் புடிச்சிக்கிட்டே எழுதலாம். இதுக்கு முன்னாடி வச்சிருந்த கம் ஒட்டுன நோட்டு ஆறு மாசத்துல பக்கம் பக்கமா கழண்டு வந்துச்சு.

எப்படி எழுதுனேன்னா, முதல் பக்கம் பிள்ளையார் சுழி, அடுத்த நாலு பக்கம் பொருளடக்கத்துக்குன்னு விட்டுட்டு மிச்சத்துக்கு நானே உக்காந்து பக்க நம்பர் போட்டேன். ஒவ்வொரு மாசமும் ரெண்டு பக்கம். இடது பக்கம் தேதி: 7 டிடிஎஸ் கட்டணும், 11 ஜிஎஸ்டிஆர் 1 (வித்த பில் கணக்கு), 15 பிஎஃப் இஎஸ்ஐ (வேலையாட்களோட சேமநிதி, மருத்துவ காப்பீடு), 20 3பி (அந்த மாச ஜிஎஸ்டியை கணக்கு காட்டி கட்டுற ரிட்டர்ன்). ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச்னா 15ஆம் தேதிக்கு நேரா அட்வான்ஸ் டாக்ஸும் (தவணையா முன்கூட்டியே கட்டுற வருமான வரி) சேரும். வலது பக்கம் 38 பேர், பில் வந்துச்சா, என்ட்ரி ஆச்சா, ஃபைல் ஆச்சான்னு மூணு கட்டம். அதுக்கப்புறம் அன்னன்னைக்கு வர்ற போன், யார் என்ன சொன்னாங்க, அவ்ளோதான்.

இதோட அருமை அக்டோபர் 19ஆம் தேதி சாயங்காலம் தெரிஞ்சுது. ஹார்ட்வேர் கடை வச்சிருக்குற ஒரு அண்ணன் போன் பண்ணி "ஏம்மா, எல்லா பில்லும் அனுப்பிட்டேனே, இன்னும் ஏன் போடல"ன்னு கொஞ்சம் கோவமாவே கேட்டாரு. பக்கம் 168ஐ திருப்புனேன். "11/10, பர்ச்சேஸ் பில் 14 வந்துச்சு, சிமென்ட் லோடு 2 பாக்கி, டிரைவர்ட்ட கேட்டு தரேன்னாங்க." அப்படியே படிச்சு காட்டுனேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்ல, அப்புறம் "ஆமாம்மா, லாரிலயே இருக்கும்"னாரு. ராத்திரி ஒம்பது மணிக்கு ரெண்டு பில்லும் வாட்ஸப்ல வந்துச்சு, மறுநாள் காலைல முதல் வேலையா 3பி போட்டாச்சு. லேட் ஆனா ஒரு நாளைக்கு 50 ரூபா ஃபைன், வட்டி வேற, அந்த அண்ணனுக்கு அது மிச்சம். வாட்ஸப்புல தேடியிருந்தா நூத்துக்கணக்கான போட்டோவுக்கு நடுவுல அந்த பேச்சை கண்டுபுடிச்சே இருக்க முடியாது.

பேப்பரோட கனம் 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 70 கிராம்). பால் பாயின்ட்டுக்கு நல்லாவே இருக்கு, ஜெல் பேனான்னா பின்பக்கம் நிழலடிக்குது, இங்க் பேனா ஊறிடும். நவம்பர் மழைல பேக் நனைஞ்சப்போ ஜெல் பேனால எழுதுன பக்கம் எல்லாம் நீலமா கரைஞ்சுபோச்சு, பால் பாயின்ட்ல எழுதுனது ஒரு எழுத்துகூட அழியல. அன்னைல இருந்து ஜெல் பேனாவ தொடுறதே இல்ல.

குறைன்னா, பக்கம் அடையாளத்துக்கு வர்ற ரிப்பன் ஜூலைலயே புடுங்கிக்கிட்டு வந்துடுச்சு, வெறும் கம்லதான் ஒட்டியிருக்காங்க. அட்டை முனையும் உரிஞ்சுபோச்சு. பெரிய பிரச்சனை பக்கம் பத்தாததுதான், மார்ச் 9ஆம் தேதி கடைசிப் பக்கம் முடிஞ்சு மிச்ச நாளை தனி பேப்பர்ல எழுதி ஒட்ட வேண்டியதாப் போச்சு.

இந்த வருஷம் அதே கடைல அதே நோட்டு ரெண்டா வாங்கிட்டேன், ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஒண்ணு, அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் ஒண்ணு. ரிப்பனை வீட்டுக்கு வந்ததும் ஊசி நூல் எடுத்து நானே தைச்சுட்டேன்.