ஹாட் பேக் இன்று, நோட்டீஸ் மூன்று வருடம் கழித்து: பிசியோ கிளினிக்குக்கு எந்தப் பாலிசி?

ஹாட் பேக் (சூடான ஒத்தடப் பை) ஊறும் தொட்டியில் தண்ணீர் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். பேக்கை எடுத்து, நீர் வடியவிட்டு, ஆறு முதல் எட்டு அடுக்குத் துண்டு சுற்றி வைப்பது பிசியோதெரபி கிளினிக்கில் ஒரு நாளைக்குப் பத்து தடவை நடக்கும் வேலை. கூட்டமான ஒரு மாலையில் துண்டு இரண்டு அடுக்கு குறைந்துவிடுகிறது. படுத்திருப்பவருக்குப் பல வருடச் சர்க்கரை; முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி மங்கிவிட்டது. "சூடு அதிகமா இருக்கா?" என்று கேட்டால், "இல்லைங்க, இதமா இருக்கு" என்கிறார். மறுநாள் கெண்டைக்காலில் கொப்புளம். கொப்புளம் புண்ணாகி, புண் மாதக்கணக்கில் ஆறாமல் இழுக்கிறது. வக்கீல் நோட்டீஸ் வருவது மூன்று வருடம் கழித்து. இதற்கிடையில், இரண்டாவது வருடமே கிளினிக் காப்பீட்டுக் கம்பெனியை மாற்றிவிட்டது.

இப்போது யார் பணம் கட்டுவது?

இரண்டு பாலிசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதலில் கண் போவது பிரீமியத்துக்கு, அப்புறம் காப்பீட்டுத் தொகைக்கு. நானும் பல வருடம் அப்படித்தான் பார்த்தேன். இப்போதெல்லாம் எந்தப் பாலிசி வந்தாலும் இந்தக் கொப்புளத்தை அதற்குள் விட்டுப் பார்க்கிறேன். எங்கே போய் முட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

நடந்த தேதியா, புகார் வந்த தேதியா

நம்மால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கு நஷ்ட ஈடு கட்டும் பொறுப்புக் காப்பீட்டில் பெரிய பிரிவு இதுதான். "ஆக்கரன்ஸ்" வகைப் பாலிசியில், சம்பவம் நடந்த நாளில் பாலிசி நடப்பில் இருந்தால் போதும். புகார் எத்தனை வருடம் கழித்து வந்தாலும் அந்த வருடத்துப் பாலிசியே பதில் சொல்லும். கம்பெனியை மாற்றியிருக்கலாம், கிளினிக்கையே மூடியிருக்கலாம், பரவாயில்லை. "கிளெய்ம்ஸ் மேட்" வகையில் கணக்கு வேறு. புகார் வந்து அதைத் தெரிவிக்கும் நாளில் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். சம்பவமும் பாலிசியில் போட்டிருக்கும் "ரெட்ரோ தேதி"க்கு அப்புறம் நடந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் கையை விரித்துவிடுவார்கள்.

கொப்புளத்தை விட்டுப் பார்ப்போம். முதல் வருடப் பாலிசி ஆக்கரன்ஸ் என்றால் பழைய கம்பெனிக்கு ஒரு கடிதம், வேலை முடிந்தது. இரண்டு கம்பெனியிலும் கிளெய்ம்ஸ் மேட் என்றால், பழைய கம்பெனி "உங்கள் பாலிசி முடிந்து இரண்டு வருடமாகிறது" என்று சொல்லும். புதிய கம்பெனி ரெட்ரோ தேதியைப் பார்க்கும். அதில் பழைய கிளினிக் நாட்களைச் சேர்க்காமல், தான் பாலிசி கொடுத்த தேதியையே போட்டிருந்தால், இரண்டு பிரீமியமும் ஒழுங்காகக் கட்டியவர் நடுத்தெருவில்.

கிளெய்ம்ஸ் மேட் என்ற வகை மருத்துவத் துறையில் பரவியது 1970-களில், அமெரிக்காவில். பல வருடம் கழித்து வந்து குவியும் வழக்குகளுக்கு இன்றே விலை வைக்க முடியாமல் காப்பீட்டு நிறுவனங்கள் திணறியபோது, புகார் வரும் வருடத்துக்கு மட்டும் பொறுப்பேற்கும் முறைக்கு மாறின. அதாவது, எதிர்காலம் தெரியாத அபாயத்தில் ஒரு பங்கு கம்பெனியின் தோளிலிருந்து இறங்கி நம் தோளில் ஏறியது. அதனால்தான் விலை குறைவு. முதல் வருடத்தில் சம்பவமும் புகாரும் அதே பன்னிரண்டு மாதத்துக்குள் நடந்தால்தான் கம்பெனிக்குச் செலவு, அது அபூர்வம். ஒவ்வொரு வருடமும் பின்னால் உள்ள வருடங்கள் சேரச் சேர பிரீமியம் ஏறி, ஏறக்குறைய ஐந்தாவது வருடத்தில்தான் முழு விலைக்கு வந்து நிற்கும். "பாருங்க சார், அந்த கம்பெனியில் பாதி விலை" என்று ஏஜென்ட் சொல்வதில் பொய் இல்லை. ஐந்தாம் வருட விலையைக் கேட்டு வாங்குங்கள், அப்புறம் ஒப்பிடலாம்.

வாலும் இருக்கிறது. கிளெய்ம்ஸ் மேட் பாலிசியை விட்டு வெளியே வரும்போது, பழைய சிகிச்சைகளுக்காக இனி வரக்கூடிய புகார்களுக்கு "டெய்ல்" என்ற நீட்டிப்பை வாங்க வேண்டும். ஒரே தடவை கட்டும் தொகைதான், ஆனால் கடைசி வருடப் பிரீமியத்தைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு வரை போகும். அதை வாங்குவதற்கும் பாலிசி முடிந்த பின் ஒன்றிரண்டு மாதம்தான் அவகாசம் தருவார்கள். கிளினிக்கை மூடுகிறவர் கடைசி மாத வாடகை, கருவிகளை விற்பது என்று அலைந்துகொண்டிருக்கும் அதே நாட்களில் இந்தத் தேதி ஓசையில்லாமல் கடந்துபோகும். ஓய்வு, இறப்பு, நிரந்தர ஊனம் ஆகியவற்றுக்கு டெய்லை இலவசமாகத் தரும் பாலிசிகள் உண்டு. அந்த ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது நல்லது. நாமாகவே விலகாமல் கம்பெனி விலகினாலும் இதே பாடுதான். 2001 டிசம்பரில், அமெரிக்காவின் பெரிய மருத்துவப் பொறுப்புக் காப்பீட்டாளர்களில் ஒன்றான செயின்ட் பால் அந்தத் தொழிலையே விடுவதாக அறிவித்தபோது, அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான மருத்துவர்கள் வேறு இடம் தேடி அலைய வேண்டியிருந்தது.

ஆக்கரன்ஸ் என்றால் எல்லாம் சுகம் என்றும் இல்லை. பத்து வருடத்துக்கு முந்தைய பாலிசி பத்து வருடத்துக்கு முந்தைய வரம்பைத்தான் கொடுக்கும். நஷ்ட ஈடு இன்றைய விலைவாசியில் கேட்கப்படும். அந்தக் கம்பெனியும் அதுவரை இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் பெரிய காப்பீட்டு நிறுவனங்களில் ஒன்றான எச்.ஐ.எச். 2001 மார்ச்சில் விழுந்தபோது, அதன் பழைய பாலிசிகளை நம்பியிருந்தவர்களின் நிலை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பழைய பாலிசித் தாளும் கையில் இருக்க வேண்டும். கிளினிக் அலமாரியிலிருந்து பழைய பாலிசிகளைத் தூக்கி எறியாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

இருந்தாலும், குழந்தைகளுக்குச் சிகிச்சை தரும் கிளினிக் என்றால் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை, ஆக்கரன்ஸ்தான். பெருமூளை வாதம் உள்ள, நிற்காத, நடக்காத குழந்தையின் எலும்பு மெலிந்திருக்கும். வழக்கமான ஸ்டிரெச்சிங்கிலேயே தொடை எலும்பு முறிவது கேள்விப்படாத விஷயம் அல்ல. பல நாடுகளில் அந்தக் குழந்தை வயதுக்கு வந்த பிறகுதான் வழக்குப் போடும் காலக்கெடுவே ஓட ஆரம்பிக்கும். நான்கு வயதில் நடந்ததற்குப் பதினெட்டு வயதுக்கு மேல் நோட்டீஸ் வரலாம். அத்தனை வருடமும் கிளெய்ம்ஸ் மேட் பாலிசியை ஒரு நாள்கூட அறுபடாமல் இழுத்துக்கொண்டு போவது யாரால் முடியும்?

ஏற்கெனவே கிளெய்ம்ஸ் மேட்டில் பல வருடம் இருப்பவர் அவசரப்பட்டுக் குதிக்கவும் வேண்டாம். பழைய ரெட்ரோ தேதி ஒரு சொத்து. புதிய கம்பெனி அதே தேதியை எழுத்தில் ஏற்றுக்கொண்டால் மாறலாம். ஆக்கரன்ஸுக்கே போவதென்றால் டெய்ல் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். இன்னொன்றும் உண்டு: பல கிளெய்ம்ஸ் மேட் பாலிசிகளில், வழக்கு வருவதற்கு முன்பே "இப்படி ஒரு சம்பவம் நடந்திருக்கிறது" என்று தெரிவித்துவிட்டால், பின்னால் வரும் புகார் அந்த வருடத்துப் பாலிசியிலேயே சேரும். கொப்புளம் தெரிந்த மறுநாளே ஒரு மெயில் போயிருந்தால் மேலே சொன்ன நடுத்தெருக் கதையே வேறு. அந்தக் கதவு உங்கள் பாலிசியில் உண்டா, "சம்பவம்" போதுமா, "எழுத்தில் வந்த கோரிக்கை" இருந்தால்தான் கணக்கா என்று கேளுங்கள்.

வழுக்கி விழுந்தாரா, விழ விட்டோமா

வரவேற்பறையில் ஈரத் தரையில் நோயாளியின் அண்ணன் வழுக்கி விழுந்தால் அது பொதுப் பொறுப்புக் காப்பீடு. பேலன்ஸ் போர்டில் நிற்க வைத்த நோயாளி, தெரபிஸ்ட் போனை எடுத்த நொடியில் விழுந்தால் அது தொழில்முறைப் பொறுப்பு. இதுவரை எல்லோருக்கும் தெரியும். பயிற்சி முடிந்து, பாரலல் பாரிலிருந்து நாற்காலிக்கு அவரே நடந்துபோகும்போது மின்சிகிச்சைக் கருவியின் ஒயரில் கால் தடுக்கினால்?

பொதுப் பொறுப்புக் கம்பெனி, "இவர் சிகிச்சையில் இருந்த நோயாளி, தனியே நடக்கவிட்டது தொழில்முறைத் தவறு" என்று சொல்லும். தொழில்முறைச் சேவையால் வந்த காயத்தை விலக்கும் விதி அதன் பாலிசியில் பெரும்பாலும் இருக்கும். தொழில்முறைக் கம்பெனி, "ஒயர் கிடந்தது இடத்தின் குறை" என்று சொல்லும். பிசியோ கிளினிக்கில் விழுவதும் தடுக்குவதும் அன்றாடம் என்பதால் இந்த இழுபறி மற்ற மருத்துவத் துறைகளைவிட இங்கே அதிகம் கடிக்கும். அதனால் என் கட்சி: கொஞ்சம் விலை கூடினாலும் இரண்டையும் ஒரே கம்பெனியில் எடுப்பது. இரண்டு கம்பெனிகள் ஒன்றையொன்று கை காட்டும்போது நடுவில் வக்கீல் பீஸ் கட்டுவது நாம்.

கட்டட உரிமையாளர் கேட்டார் என்பதற்காகப் பொதுப் பொறுப்பு மட்டும் எடுத்துவிட்டு, "எங்களுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு" என்று நிம்மதியாக இருக்கும் கிளினிக்குகளும் உண்டு. கொப்புளத்துக்கு அந்தப் பாலிசியில் இடமே இல்லை.

யார் பெயரில்

வழக்கில் தெரபிஸ்டையும் சேர்ப்பார்கள், கிளினிக்கையும் சேர்ப்பார்கள். கிளினிக் பெயரில் ஒரே பாலிசி எடுத்தால் மலிவு. ஆனால் ஐந்து தெரபிஸ்டும் ஒரே ஆண்டு வரம்பைப் பங்குபோட வேண்டும். ஆளுக்கு ஒரு பாலிசி என்றால் அது ஆளோடு போகும்: வேலை மாறினாலும், ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் போட்டியில் போய் நின்றாலும். பதிவு கவுன்சிலில் புகார் போனால் ஆபத்து தெரபிஸ்டின் சொந்த உரிமத்துக்குத்தான். அதை எதிர்கொள்ளும் செலவுக்குத் தனி வரம்பு தனிநபர் பாலிசிகளில் கிடைக்கும் அளவுக்கு கிளினிக் பாலிசிகளில் கிடைப்பதில்லை. கிளினிக் பாலிசியில் "ஊழியர்" என்றிருந்தால், விசிட்டுக்கு இவ்வளவு என்று வந்துபோகிறவர் ஊழியர் கணக்கில் வராமல் போகலாம். அவருடைய சொந்தப் பாலிசியின் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளாமல் வேலைக்கு விட வேண்டாம்.

வக்கீல் செலவு எந்தப் பையிலிருந்து

வரம்பு 100 என்று வைத்துக்கொள்வோம். வழக்கை நடத்த 30 செலவு, நஷ்ட ஈடு 90. வக்கீல் செலவு வரம்புக்கு உள்ளே என்றால் மீதி 70 தான். 20 உங்கள் கையிலிருந்து. செலவு வரம்புக்கு வெளியே என்றால் 90-ஐயும் கம்பெனியே கட்டும். இரண்டு பாலிசியின் முதல் பக்கத்திலும் அதே 100 தான் அச்சாகியிருக்கும். பிசியோ வழக்குகளில் பல, பெரிய நஷ்ட ஈட்டில் முடியாமல் நிபுணர் சாட்சி, ஆவணம், வாய்தா என்று செலவிலேயே வளர்பவை. ஆகவே வரம்பு சற்றுக் குறைவாக இருந்தாலும் செலவு வெளியே உள்ள பாலிசியைத்தான் எடுப்பேன்.

சமரசத்துக்கு உங்கள் சம்மதம் தேவையா என்பதையும் பாருங்கள். சம்மதம் தேவை என்று ஒரு கையால் கொடுத்துவிட்டு மறு கையால் பிடுங்கும் விதி ஒன்று உண்டு. அதைச் சுத்தியல் விதி என்பார்கள். எதிர்த்தரப்பு 40-க்கு ஒத்துக்கொள்கிறது, கம்பெனியும் முடித்துக்கொள்ளச் சொல்கிறது, நீங்கள் மறுக்கிறீர்கள், தீர்ப்பு 75 என்று வருகிறது. மிச்சம் 35 உங்கள் தலையில். அந்த மிச்சத்தில் ஒரு பங்கை மட்டும் நம் தலையில் போடும் மென்மையான வடிவமும் இருக்கிறது, கேட்டால் கிடைக்கும். தவறே செய்யாதவருக்கு இது மானப் பிரச்சினை என்பது புரிகிறது. துண்டு குறைந்த கொப்புளத்துக்கு மட்டும் மானம் பார்க்காமல் 40-க்கு முடித்துக்கொள்வதே நல்லது. அப்புறம், பாதிக்கப்பட்டவரிடம் வருத்தம் தெரிவிக்கலாம். "செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று கம்பெனியைக் கேட்காமல் வாக்குக் கொடுத்தால், அதையே காரணம் காட்டிப் பாலிசி பின்வாங்கலாம்.

எதெல்லாம் சேராது

டிரை நீடிலிங் (தசை இறுக்கத்துக்கு மருந்தில்லாத மெல்லிய ஊசி குத்துவது) செய்யும்போது ஊசி தோள்பட்டைக்கு மேலே ஆழமாகப் போனால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துவிடலாம். கழுத்தைச் சட்டென்று திருப்பும் மேனிபுலேஷனுக்குப் பிறகு கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. அபூர்வம், ஆனால் வந்தால் பெரிது. அபூர்வம் என்பதால் சொல்லவில்லை என்ற வாதமும் இப்போது அவ்வளவு எடுபடாது. 2015-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மான்ட்கோமரி வழக்கில், அந்த நோயாளியின் நிலையில் இருப்பவருக்கு முக்கியமாகப் படக்கூடிய அபாயத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்றது. இந்த மாதிரிச் சிகிச்சைகளைச் சில பாலிசிகள் மொத்தமாக விலக்கும், சில கூடுதல் பிரீமியத்துக்குச் சேர்க்கும், சில பயிற்சிச் சான்றிதழ் கேட்கும். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, வீடியோவில் பயிற்சி சொல்வது, மாணவர்கள் கை வைப்பது ஆகியவையும் இதே ரகம்.

விலக்குப் பக்கத்தைப் படித்தே தெரிந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. கடைசித் தடவை, கிளினிக்கில் செய்யும் ஒவ்வொரு சிகிச்சையையும் வரிக்கு ஒன்றாக எழுதி, எதிரே "சேரும் / சேராது" என்று இரண்டு கட்டம் போட்டு, இரண்டு ஏஜென்டுகளுக்கும் மெயில் அனுப்பினேன். மொத்தம் 19 வரி. மலிவான பாலிசிக்காரர் போன் செய்து, "எல்லாமே சேரும் சார், கவலைப்படாதீங்க" என்றார். அதையே மெயிலில் எழுதச் சொன்னேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. 16 கட்டம் நிரம்பியிருந்தது. ஊசி, கழுத்து, வீட்டு விசிட் மூன்றும் காலி.