சோசஸ்ஃப்ளே லாட்ஜ் என்றால், கேட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று கேளுங்கள்

நமீபியா போக யாரிடமாவது பணம் கட்டப் போகிறீர்கள் என்றால், கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன மே மாதம் நானும் என் கணவரும் அங்கே போனோம். நமீப் பாலைவனத்தில் இரண்டு இரவு, வடக்கே டமாராலேண்டில் இரண்டு இரவு, இரண்டுமே சொகுசு சஃபாரி லாட்ஜ் என்று சொல்லித்தான் விற்றார்கள். லாட்ஜுக்கு மட்டும் 5,60,000 ரூபாய். தலைக்கு ஓர் இரவுக்கு 70,000 வருகிறது. விமானமும் காரும் தனி. அந்தப் பணத்துக்கு எங்களுக்கு என்ன கிடைத்தது என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் கணவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புகைப்படம் எடுப்பது அவருடைய ஒரே ஆசை. பல வருஷங்களுக்கு முன் ஒரு காலண்டரில் டெட்ஃப்ளே படத்தைப் பார்த்தார். நமீப் பாலைவனத்தில் சோசஸ்ஃப்ளே என்ற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அது. வெள்ளைக் களிமண் தரை, அதில் கறுத்துப்போய் நிற்கும் மொட்டை மரங்கள், பின்னால் ஆரஞ்சு நிற மணல்மேடு. அந்தக் காலண்டர் தாளைக் கிழித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். ஓய்வுப் பணம் வந்ததும் வேறு எதையும் கேட்கவில்லை, இதை மட்டும்தான் கேட்டார்.

அந்த மரங்கள் செத்து 600, 700 வருஷம் ஆகிறது என்கிறார்கள். சௌச்சப் ஆற்றின் தண்ணீர் ஒரு காலத்தில் அதுவரை வந்திருக்கிறது. அப்புறம் மணல்மேடுகள் நகர்ந்து வழியை அடைத்துவிட்டன. தண்ணீர் இல்லாமல் மரங்கள் காய்ந்தன. மக்கிப் போகக்கூட ஈரம் இல்லாததால் இன்றும் அப்படியே நிற்கின்றன. காலண்டரில் பார்க்கிற அந்தப் படம் வேண்டுமென்றால் சூரியன் எழுந்த சிறிது நேரத்துக்குள் அங்கே இருக்க வேண்டும். அப்போது களிமண் தரையும் மரங்களும் நிழலில் இருக்கும், பின்னால் இருக்கும் மணல்மேட்டில் மட்டும் வெளிச்சம் விழும். வெயில் ஏறித் தரையிலும் விழுந்துவிட்டால் அந்தக் காட்சி போய்விடும். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், நாங்கள் ஏமாந்தது இந்த ஒரு மணி நேரத்தில்தான்.

சோசஸ்ஃப்ளேக்கும் டெட்ஃப்ளேக்கும் ஒரே வழிதான். செஸ்ரீம் என்ற இடத்தில் தேசியப் பூங்காவின் கேட் இருக்கிறது. அங்கிருந்து உள்ளே 60 கிலோமீட்டர் தார் ரோடு, கடைசி 5 கிலோமீட்டர் ஆழமான மணல். வெளியில் இருந்து வருகிறவர்களுக்கு அந்தக் கேட் சூரியன் உதிக்கும்போதுதான் திறக்கும். கேட்டுக்கு உள்ளே தங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாகவே வழி விடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் உள்ளே தங்குவதற்கு இவ்வளவு போட்டி.

இது எங்களுக்கு முன்னாலேயே தெரியும். எங்களுக்கு இந்தப் பயணத்தை விற்ற முகவரிடம் தெளிவாகவே கேட்டோம். "உள்ளேதான் மேடம், சார் ட்ரைபாடை எடுத்துக்கொண்டு இருட்டோடு கிளம்பிவிடலாம்" என்றார். அவர் அனுப்பிய பிரசுரத்தில் கேட்டுக்கு உள்ளே இருக்கிற ஒரு லாட்ஜின் பெயரும் இருந்தது. ஆனால் பணம் முழுக்கக் கட்டியபிறகு வந்த வவுச்சரில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் "அல்லது அதற்கு இணையான விடுதி" என்று நான்கு வார்த்தை சேர்ந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை, நம்பிவிட்டேன்.

அந்தப் பிரசுரத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. வராந்தாவுக்கு எதிரே தண்ணீர்க் குட்டை, அதில் யானைக் கூட்டம். கீழே "சோசஸ்ஃப்ளே லாட்ஜில் இருந்து காட்சி" என்று எழுதியிருந்தது. சோசஸ்ஃப்ளே பக்கம் யானையே கிடையாது. ஓரிக்ஸ் மான், ஸ்பிரிங்பாக் மான், தீக்கோழி, நரி, இவைதான். அந்தப் படம் வடக்கே எட்டோஷா பூங்காவில் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று லாட்ஜ் மேலாளர் பிறகு சொன்னார். எட்டோஷா அங்கிருந்து வெகு தூரம். சோசஸ்ஃப்ளே மணல்மேடுகளுக்கு நடுவே யானையும் சிங்கமும் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அவருக்கு அந்த இடமே தெரியாது, அல்லது தெரிந்தே பொய் சொல்கிறார். எனக்கு அன்றைக்கு இது தெரிந்திருந்தால் பணமே கட்டியிருக்க மாட்டேன்.

தலைநகர் விண்ட்ஹூக்கில் கார் எடுத்து ஐந்தாறு மணி நேரம் ஓட்டினோம். பாதிக்கு மேல் சரளைக்கல் ரோடு. சாலிடேர் என்ற இடத்தில் பெட்ரோல் போட்டுவிட்டு, முகவர் கொடுத்த வழிப்படி போனால் ஒரு பக்கச் சாலையில் திரும்பச் சொன்னது. திரும்பும் இடத்தில் ஒரு பலகை: செஸ்ரீம் 58. அதைப் படித்ததும் என் கணவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். ஒன்றும் பேசவில்லை. "இது சுற்று வழியாக இருக்கும், உள்ளே வேறு ரோடு போகும்" என்று நான்தான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

லாட்ஜ் மோசம் என்று சொல்ல மாட்டேன். சுத்தமான அறை, நல்ல மனிதர்கள். ஆனால் அது நாங்கள் வாங்கிய லாட்ஜ் இல்லை. வரவேற்பு மேசையில் கட்டண அட்டை வைத்திருந்தார்கள். ஒருவருக்கு ஓர் இரவு, இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து 4,200 நமீபிய டாலர். நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ரேண்டும் ஒரே மதிப்பு, நாங்கள் போனபோது ஒரு டாலர் நாலரை ரூபாய்க்குப் பக்கம். கணக்குப் போட்டால் 19,000 ரூபாய். நாங்கள் கொடுத்தது 70,000. மேலாளர் பெண்மணி எங்கள் வவுச்சரை வாங்கிப் பார்த்துவிட்டு, தன் கணினியையும் திருப்பிக் காட்டினார். எங்கள் பெயரில் பதிவு நடந்தது பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்னால்தான். நாங்கள் முகவரிடம் முழுப் பணமும் கட்டியது ஆறு மாதம் முன்னால். அதாவது உள்ளே இருக்கிற லாட்ஜுக்கு அவர் முயற்சியே செய்யவில்லை.

வழிகாட்டி, ஜீப், எல்லாம் சேர்ந்த விலை என்றும் சொல்லியிருந்தார். பதிவில் படுக்கையும் இரண்டு வேளைச் சாப்பாடும் மட்டும்தான். மதியச் சாப்பாடு, தண்ணீர் பாட்டில், டெட்ஃப்ளே பயணம், பூங்கா நுழைவுக் கட்டணம் எல்லாமே தனி. லாட்ஜ் ஜீப்பில் மறுநாளைக்கு இடமும் இல்லை.

சரி, இருட்டோடு நாமே காரில் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வாடகைக் கார் ஒப்பந்தத்தில் இருட்டில் ஓட்டக் கூடாது என்று இருக்கிறது. மீறி ஓட்டி ஏதாவது ஆனால் காப்பீடு கிடையாது. ரோட்டில் குடு மானும் ஓரிக்ஸும் குறுக்கே வந்து மோதுவது அங்கே சாதாரணம், அதனால் அந்த விதியில் நியாயம் இருக்கிறது. மே மாதம் அங்கே குளிர்காலத் தொடக்கம், ஏழு மணிக்கு மேல்தான் விடிகிறது. "பாலைவனம்தானே, கம்பளி எதுக்கு" என்று முகவர் சொன்னதை நம்பி ஸ்வெட்டர் கூட எடுத்துப் போகவில்லை. லாட்ஜ் போர்வையைப் போர்த்திக்கொண்டு கார் பக்கத்தில் வெளிச்சத்துக்காக நின்றோம்.

கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டரை. அனுமதிச் சீட்டு வாங்கி, 60 கிலோமீட்டர் போய், எங்கள் கார் மணலில் போகாது என்பதால் கடைசி 5 கிலோமீட்டருக்குப் பணம் கட்டி ஷட்டில் ஜீப்பில் ஏறி, இறங்கிய இடத்தில் இருந்து மணலில் நடந்து டெட்ஃப்ளேயை எட்டிப் பார்த்தபோது மணி பத்தரை. தரை முழுக்க வெயில். வெள்ளைத் தரை கண்ணைக் கூசியது. மரங்களைச் சுற்றி நூறு பேராவது இருந்திருப்பார்கள். என் கணவர் ட்ரைபாடைப் பையில் இருந்து எடுக்கவே இல்லை. ஒரு மரத்தருகே போய் கொஞ்ச நேரம் நின்றார், அதைத் தொடக்கூட இல்லை. "போலாமா" என்றார். எத்தனையோ வருஷம் காத்திருந்த மனுஷன்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம்மில் நிறையப் பேருக்கு இது உதவும். நாங்கள் சைவம். முகவரிடம் மூன்று முறை எழுத்தில் சொல்லியிருந்தேன். லாட்ஜுக்கு அந்தத் தகவல் போகவே இல்லை. நமீபியாவில் சாப்பாடு என்றால் முதலில் இறைச்சிதான், அதிலும் இப்படிப்பட்ட இடங்களுக்குக் காய்கறி பெரும்பாலும் தலைநகரில் இருந்து வண்டியில் வர வேண்டும். முன்னால் தெரியாமல் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. முதல் இரவு வேகவைத்த உருளைக்கிழங்கும் ரொட்டியும்தான் கிடைத்தது. மறுநாள் சமையல்கார அம்மா தானே வந்து என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். அவர் வடக்கே ஒவாம்போ பகுதியைச் சேர்ந்தவர். ஊரில் இருந்து தனக்காகக் கொண்டு வந்திருந்த மஹாங்கு மாவைக் கிண்டி, காய்ந்த கீரையை வேகவைத்துக் கொண்டு வந்தார். மஹாங்கு என்றால் நம்ம கம்புதான். கம்பங்களியும் கீரையும்! என்னை "மேமே" என்று கூப்பிட்டார், அவர்கள் மொழியில் அம்மா. அந்த நான்கு நாளில் நாங்கள் வயிறார, மனதார உட்கார்ந்து சாப்பிட்டது அந்த ஒரு வேளை. அதற்கு அவர் காசு வாங்கவில்லை.

டமாராலேண்ட் கதை வேறு. அங்கே லாட்ஜ் பெயரும் சரி, இடமும் சரி. ஆனால் அட்டவணையில் "காலை கிளம்பி மதியம் சேரலாம், 6 மணி நேரம்" என்று இருந்தது. உண்மையில் சுமார் 600 கிலோமீட்டர், பெரும்பகுதி சரளை. காரில் 80க்கு மேல் ஓட்டக் கூடாது என்று வாடகை நிறுவனம் எழுதிக் கொடுத்திருந்தது. வழியில் ஒரு டயர் கிழிந்தது, டயருக்குக் காப்பீடு இல்லை. ஸ்வாகோப்முண்ட் என்ற கடலோர ஊருக்கு வரும்போதே பிற்பகல் ஆகிவிட்டது, அதற்கு மேல் போனால் நடுவழியில் இருட்டிவிடும். அங்கேயே சொந்தச் செலவில் ரூம் எடுத்துத் தங்கினோம். டமாராலேண்டில் முன்பணம் கட்டிய ஓர் இரவு அப்படியே போனது. மிச்சம் இருந்த ஒரு நாளில் வறண்ட ஆற்றுப் படுகையில் பாலைவன யானைகளைப் பார்த்தோம். ஒரு தாய் யானை மணலைத் தோண்டித் தண்ணீர் எடுக்க, குட்டி பக்கத்தில் காத்திருந்தது. அதை என் கணவர் படம் எடுத்தார். அதையாவது எடுத்தாரே என்று இருந்தது.

ஊருக்கு வந்து முகவரிடம் கேட்டபோது, "இணையான விடுதி என்று போட்டிருக்கோமே மேடம்" என்றார். இரண்டாவது முறை போனை எடுக்கவில்லை. அப்புறம்தான் காகிதங்களை ஒழுங்காகப் பார்த்தேன். பணத்தை ஒரு தனிநபர் கணக்கில் வாங்கியிருந்தார், ஜிஎஸ்டி ரசீது இல்லை. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு விற்பவர்கள் நம்மிடம் டிசிஎஸ் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும், அது நம் பான் எண்ணுக்கு வருமான வரித் துறை தரும் வரிப் படிவத்தில் தெரியும். என் கணவரின் படிவத்தில் அப்படி ஒரு பதிவே இல்லை. உங்களிடம் டிசிஎஸ் பேச்சையே எடுக்காமல் ஒருவர் வெளிநாட்டுத் தொகுப்பு விற்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிந்தோம், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தோம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, எங்களுடையது அதைத் தாண்டியதால் 200 ரூபாய். முகவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். நமீபிய லாட்ஜ் மேலாளர் பதிவுத் தேதியையும் கட்டண அட்டையையும் மின்னஞ்சலில் அனுப்பி உதவினார். எங்களிடம் இருக்கும் வலுவான சான்று அதுதான்.

நீங்கள் போவதாக இருந்தால், பணம் கட்டும் முன் அந்த லாட்ஜுக்கே நேரடியாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பெரும்பாலான லாட்ஜுகள் பதில் போடும். என் பெயரில் இந்தத் தேதிக்குப் பதிவு இருக்கிறதா, உங்கள் இடம் செஸ்ரீம் கேட்டுக்கு உள்ளேயா, வெளியே என்றால் எத்தனை கிலோமீட்டர், விலையில் டெட்ஃப்ளே பயணமும் பூங்காக் கட்டணமும் சேருமா, சைவச் சாப்பாடு என்று குறித்திருக்கிறதா என்று கேளுங்கள். "இணையான விடுதி" என்ற வார்த்தை வவுச்சரில் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க மாட்டேன் என்றால் அந்த விடுதியின் பெயரையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

எங்கள் மனு இன்னும் விசாரணையில் இருக்கிறது. காலண்டர் தாள் அலமாரிக் கதவில் அப்படியே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இப்போது அந்தத் தாய் யானையும் குட்டியும் இருக்கும் படத்தை ஒட்டியிருக்கிறார்.