வாஷர் இல்லாத சோடா மூடி: நான்கு மாதம் போட்டுப் பார்த்ததில்

"வாஷர் இல்லாம காஸ் எப்படிம்மா நிக்கும்?"

மார்ச் மாதம் சவுகார்பேட்டையிலிருந்து இந்த மூடியின் முதல் மூட்டையை இறக்கியதும் மாமா கேட்டது இதைத்தான். என் மாமனார் வியாசர்பாடியில் முப்பது வருஷம் கோலி சோடா போட்டவர். பாட்டில் கழுத்துக்குள் ரப்பர் வளையம். உள்ளே இருக்கிற காஸே கோலியை மேலே தள்ளி அந்த ரப்பரில் அழுத்தி அடைத்துவிடும். 1872-ல் ஹிராம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் காப்புரிமை வாங்கிய முறை அது. ரப்பரே இல்லாமல் ஒரு அடைப்பு என்றால் அவர் எப்படி நம்புவார்?

நாங்கள் இப்போது கொளத்தூரில் 250 மில்லி பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் பன்னீர் சோடாவும் இஞ்சி சோடாவும் போடுகிறோம். போன வருஷம் வரை வாங்கிய மூடி இரண்டு பொருள் சேர்ந்தது. வெளி ஓடு பாலிப்ரொப்பிலீன் என்ற கெட்டியான பிளாஸ்டிக், உள்ளே மெத்தென்று ஒரு வட்ட வாஷர். அக்னி நட்சத்திரத்தில் வந்த ஒரு லாட்டில் வாஷர் பாதிக்குப் பாதி இடம் நகர்ந்திருந்தது. பெரம்பூரில் ஒரு கடைக்காரர் இரண்டு கிரேட்டை அப்படியே திருப்பி அனுப்பினார். "அக்கா, சர்க்கரைத் தண்ணி மாதிரி இருக்கு" என்றார். அந்த வார்த்தை எனக்கு இன்னும் வலிக்கிறது. மூடி விற்றவர் போனையே எடுக்கவில்லை.

இந்தப் புது மூடி முழுக்க எச்.டி.பி.ஈ. என்கிற ஒரே பிளாஸ்டிக். அது பாலிப்ரொப்பிலீனைவிடக் கொஞ்சம் மென்மையானது, அதனால் வாஷர் இல்லாமலே பாட்டில் வாயோடு படிந்து உட்காருகிறது. கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இரண்டு வளையம் தெரியும். ஒன்று பாட்டில் வாய்க்குள் இறங்கி உள் சுவரைத் தொடுகிறது. இன்னொன்று சின்ன உதடு மாதிரி, வாயின் வெளி விளிம்பைக் கவ்வுகிறது. இரண்டு எதற்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. நிரப்பி வெயிலில் வைத்த பாட்டிலின் மூடியில் விரலை வைத்தபோது புரிந்தது. மூடியின் தலை லேசாக உப்பியிருந்தது. தலை உப்பினால் உள் வளையம் உட்பக்கமாகச் சாய்ந்து பிடி தளரும்; அதே அசைவில் வெளி உதடு இன்னும் இறுகும். ஒன்று விட்டால் ஒன்று பிடிக்கிறது. இதை யோசித்து அச்சு வெட்டியவருக்குக் கை கொடுக்க வேண்டும்.

சோடாவுக்குள் இருக்கும் அழுத்தம் சாதாரணமில்லை. நன்றாகக் காஸ் ஏற்றிய பாட்டிலில், சாதாரண வெப்பநிலையிலேயே, கார் டயரில் இருப்பதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெயில் 40 டிகிரியைத் தொட்டால் அது இன்னும் ஏறும். மே மாதம் இருபது பாட்டிலை மொட்டை மாடியில் தலைகீழாகப் பத்து நாள் வைத்தோம். அடியில் பழைய செய்தித்தாள் விரித்தேன், ஒரு சொட்டு கசிந்தாலும் கறை காட்டிவிடும் என்று. ஒரே ஒரு பாட்டிலின் கீழ் மட்டும் கறை. அதை எடுத்துப் பார்த்தால் பாட்டிலின் வாயில் நகம் தட்டுகிற அளவு ஒரு கீறல். குறை மூடியில் இல்லை. மீதி பத்தொன்பதையும் மாமாதான் ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒவ்வொரு "ஸ்ஸ்ஸ்"ஸுக்கும் தலையாட்டினார். கடைசியில், "சரி, நிக்குது" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததே எனக்குப் போதும்.

திறக்கும்போது கவனித்த இன்னொன்று. மரையின் குறுக்கே செங்குத்தாகச் சின்னச் சின்ன வெட்டுகள் விட்டிருக்கிறார்கள். முதல் திருகிலேயே காஸ் அந்த வழியாக வெளியேறிவிடுகிறது, மூடி மரையை விட்டு வருவதற்குள் அழுத்தம் இறங்கிவிடும். இல்லாவிட்டால் மூடி கண்ணைப் பார்த்துப் பறக்கும். நம் சோடாவைக் குடிப்பவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். தண்ணீர் பாட்டில் மூடி மலிவாகக் கிடைக்கிறதே என்று சோடாவுக்குப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது, நான் இந்த மூடிக்கு மாறியதற்கான பாதிக் காரணம். எங்கள் தெருக் காயலான் கடை அண்ணன் பழைய மூடியை எடைக்கு எடுக்கவே யோசிப்பார். வாஷரைப் பிய்த்து எடுக்க யாருக்கு நேரம்? அதிலும் சில வாஷர் பி.வி.சி.யாக இருக்கும். பி.வி.சி.யும் பெட்டும் தண்ணீரில் மூழ்குகிறவை, கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. பெட்டை உருக்கும் சூட்டில் துளி பி.வி.சி. இருந்தாலும் கருகி மொத்தத்தையும் மஞ்சளாக்கிவிடும். புது மூடியையும் காலி பாட்டிலையும் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி அவர் கடை வாசலிலேயே ஒரு பக்கெட் தண்ணீரில் போட்டேன். பாட்டில் துண்டு எல்லாம் அடிக்குப் போனது. மூடித் துண்டும், கழுத்தில் தங்கிவிடுகிற சீல் வளையமும் மேலே மிதந்தன. எச்.டி.பி.ஈ.யின் அடர்த்தி 0.95, பெட்டுக்கு 1.38, தண்ணீரே பிரித்துக் கொடுத்துவிடுகிறது. அண்ணன் கையை விட்டு மேலே இருந்ததை அள்ளிப் பார்த்தார். "இதுன்னா தனியா மூட்டை கட்டிக் குடும்மா, எடுத்துக்கிறேன்" என்றார். இப்போது கடைகளிலிருந்து காலி கிரேட் திரும்பும்போது மூடியையும் ஒரு பையில் வாங்கி வருகிறோம்.

குறைகளும் உண்டு. முதல் திருகு கெட்டி. வயதானவர்கள் ஈரக் கையோடு திறக்கச் சிரமப்படுகிறார்கள், ஓரத்து வரிகள் இன்னும் கொஞ்சம் ஆழமாக இருக்கலாம். மூடி போடும் மெஷினில் இறுக்கத்தைக் கட்டுப்படுத்துகிற கிளட்சைப் பழைய அளவிலேயே விட்டால் மரை வழுக்கிவிடும். நான் முதல் நாள் நூறு மூடிக்கு மேல் வீணாக்கினேன். அப்புறம் நிறம். கடையில் இருந்தது கருநீலம் மட்டும். மறுசுழற்சிக்கு நிறமில்லாததுதான் நல்லது, எந்த நிறத்துப் பொருளாகவும் மாற்றலாம். சில நீலச் சாயங்கள் எச்.டி.பி.ஈ. அச்சில் ஆறும்போது சுருங்கும் விதத்தையும் மாற்றிவிடும். ஒரு லாட் மற்றதைவிட இறுக்கமாக வந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

மூடி பாட்டிலோடு தொங்கிக்கொண்டே இருக்கிற மாதிரியும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து மூன்று லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அது கட்டாயம். மெரினா மணலில் காலால் தட்டினால் மூடியாக வருவதைப் பார்க்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். காஸ் தாங்குகிற அந்த வகை நம் கடைத்தெருவில் நான் கேட்ட இடங்களில் கிடைக்கவில்லை.

விலை பழையதைவிட ஆயிரத்துக்கு நாற்பது ரூபாய் கூட. திரும்பி வந்த கிரேட்டுகளை நினைத்தால் எனக்கு அது கூடுதலே இல்லை. வாங்குமுன் உங்கள் பாட்டில் கழுத்தை அளந்துகொள்ளுங்கள். இது பி.சி.ஓ. 1881 என்கிற குட்டைக் கழுத்துக்கானது, உயரம் 17 மில்லிமீட்டர். பழைய 1810 கழுத்து 21 மில்லிமீட்டர், அதற்கு இதைப் போடக்கூடாது.

அடுத்த லோடு நிறமில்லாததாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஆடி முடிவதற்குள் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். வந்ததும் மறுபடி இருபது பாட்டில், அதே மொட்டை மாடி. செய்தித்தாளை மாமாவே எடுத்து வைத்திருக்கிறார்.