801-உடன் நிறுத்துவதா, மறுபடி 1-லிருந்து தொடர்வதா?

2018 ஜூன் மாதம் வந்த 801ஆம் இதழோடு எழுத்தாளர் டான் ஸ்லாட் மார்வெலின் 'அமேசிங் ஸ்பைடர்மேன்' காமிக்ஸ் தொடரிலிருந்து விடைபெற்றார். 2008 தொடக்கத்தில், 546ஆம் இதழில், எழுத்தாளர் குழுவில் ஒருவராக உள்ளே வந்தவர். 2010இல் 648ஆம் இதழிலிருந்து தொடரே அவர் கைக்கு வந்தது. அவர் போன அடுத்த மாதமே நிக் ஸ்பென்சர் எழுத, ரயன் ஓட்லி வரைய, புதிதாக 1 என்று எண்ணிட்டு இதழ் வந்துவிட்டது. சிங்கப்பூரில் கடையில் புல் லிஸ்ட் (நமக்கென்று எடுத்துவைக்க வேண்டிய இதழ்களின் பட்டியல்) வைத்து மாதாமாதம் வாங்கிக்கொண்டிருந்த எங்கள் வட்டத்தில் அப்போது பேச்சு முழுக்க இதுதான்: லிஸ்டில் ஸ்பைடர்மேன் இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா?

நான் எடுத்துவிட்டேன். உதிரி இதழ்களை நிறுத்திவிட்டு, ஸ்லாட் எழுதிய காலத்தைக் கெட்டி அட்டைத் தொகுப்புகளாக வாங்கி அலமாரியில் அடுக்கினேன். அதற்குப் பிறகு 2021இல் 74ஆம் இதழோடு ஸ்பென்சர் போனார். எண் மறுபடி 1-லிருந்து தொடங்க, 2024இல் 60ஆம் இதழோடு அடுத்த எழுத்தாளர் ஸெப் வெல்ஸ் போனார். ஒவ்வொரு முறையும் யாராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். ஆகவே நான் தேர்ந்த வழியையும் மற்ற வழிகளையும் ஒன்றாக வைத்துச் சொல்லிவிடுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதற்குள் தெரிந்திருக்கும்.

ஸ்லாட் போனபோது வாசகர்கள் வருந்திய விதம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 2012 டிசம்பரில் வந்த 700ஆம் இதழில் வில்லன் டாக்டர் ஆக்டோபஸ் தன் மனதை ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரின் உடலுக்கு மாற்றிக்கொள்ள, பீட்டர் அந்த வில்லனின் நோயுற்ற உடலுக்குள் சிக்கி இறந்துபோகிறான். அதற்காக ஸ்லாட்டுக்குக் கொலை மிரட்டல் வரை போனது. எங்கள் வட்டத்திலும் 'இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்' என்று சொன்னவர்கள் உண்டு. அடுத்த வருடம், பீட்டரின் உடலில் ஆக்டோபஸே ஸ்பைடர்மேனாக வரும் 'சுப்பீரியர் ஸ்பைடர்மேன்' தொடங்கியதும் அவர்களேதான் முதலில் வந்து வாங்கினார்கள். 2018இல் அதிகம் கலங்கியதும் அவர்கள்தான். பத்து வருடம் ஒருவரோடு சண்டை போட்டுக்கொண்டே படித்தவர்களுக்கு அந்தச் சண்டையும் தொடரின் ஒரு பகுதியாகிவிட்டது.

அந்தப் பிரிவு ஏன் உறுத்தியது என்று கேட்டால் நான் இரண்டு இதழ்களைக் காட்டுவேன். ஒன்று, 655. ஸ்பைடர்மேனை ஓயாமல் திட்டும் ஜே. ஜோனா ஜேம்சனின் மனைவி மார்லா இறந்துபோன பிறகு வரும் இதழ். இறுதிச் சடங்கோடு தொடங்குகிறது. பக்கம் பக்கமாக ஒரு வசனம் கிடையாது, மார்க்கோஸ் மார்ட்டினின் படங்கள் மட்டும். வாய் ஓயாமல் கத்துகிற ஜேம்சன் பேசாமல் நிற்கிறார். எழுத்தாளர் தன் வார்த்தைகளை ஒதுக்கிவைத்துவிட்டு ஓவியருக்கு வழிவிட்டிருக்கிறார். இன்னொன்று, கடைசி இதழான 801. அதையும் மார்ட்டின்தான் வரைந்தார். பெரிய வில்லன் இல்லை. முன்பொரு நாள் ஸ்பைடர்மேன் காப்பாற்றிய ஒரு சாதாரண மனிதர், அதனால் தனக்குக் கிடைத்த வருடங்களைப் பற்றிப் பேசுகிறார். அவ்வளவுதான் கதை. இப்படி ஒரு நல்ல முற்றுப்புள்ளி சூப்பர் ஹீரோ தொடர்களில் எப்போதாவதுதான் அமையும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, எழுத்தாளர் யாரானாலும் தொடர்ந்து உதிரி இதழ் வாங்குவது. இதற்கு நல்ல நியாயம் இருக்கிறது. கடையில் எனக்குப் பழக்கமான ஓர் அண்ணன், லிஸ்டிலிருந்து எடுக்கச் சொன்னபோது பக்கத்தில் நின்று கேட்டார்: "தம்பி, நீ ஸ்பைடர்மேனைப் படிச்சியா, ஸ்லாட்டைப் படிச்சியா?" இது லேசான கேள்வி இல்லை. 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் உருவாக்கிய பாத்திரம், எத்தனையோ பேர் கை மாறி வந்திருக்கிறது. முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். பிரிட்டனில் அந்தக் கதையைக் கென் பல்மர் தொடங்க, பின்னால் டாம் டல்லி எழுதினார். தமிழில் படித்த நாம் யார் எழுதியது என்று பார்க்கவும் இல்லை, மாயாவியை விடவும் இல்லை.

ஸ்பென்சரின் தொடக்கமும் மோசமில்லை. ஆக்டோபஸ் பீட்டரின் உடலில் இருந்த காலத்தில் வாங்கிய முனைவர் பட்டம் இருக்கிறதே, அந்த ஆய்வேடு திருட்டு என்று பீட்டர் மாட்டிக்கொள்கிறான். முந்தைய எழுத்தாளர் விட்டுப்போன கடனைப் புதியவர் கதையாக்கியது புத்திசாலித்தனம். தொடர்ந்து வாங்கிய அந்த அண்ணன் அதை ரசித்துச் சொன்னார். கதைக்காக மட்டும் முடிவெடுப்பதாக இருந்தால் நானும் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பேன்.

முடிவை மாற்றியது பராமரிப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அமெரிக்காவிலிருந்து வரும் சேகரிப்பு ஆலோசனைகள் நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது.

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் விடியலுக்கு முன் 90 விழுக்காட்டுக்கு மேல் போகும். மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். நாள் முழுக்க மழை பெய்தால் 100ஐத் தொடும். தாளுக்கு ஏற்றது ஐம்பதை ஒட்டிய ஈரப்பதம், அதுவும் ஏற்ற இறக்கம் இல்லாமல். இங்கே தாள் தினமும் ஈரத்தை உறிஞ்சி வீங்கி, மறுபடி சுருங்குகிறது. உதிரி இதழில் முதலில் அடிபடுவது நடுவில் இருக்கும் இரண்டு ஸ்டேப்பிள் பின்கள். 2011 வாக்கில் வந்த ஒரு இதழைப் பிரித்து நடுப்பக்கத்தைப் பார்த்தால் பின்னைச் சுற்றி காப்பிக் கறை மாதிரி ஒரு வளையம் தெரியும். அது துரு. வெளியே அட்டை புதுசாகப் பளபளக்கும், உள்ளே மடிப்பில் தாள் பொடிய ஆரம்பித்திருக்கும். உறையைப் பிரித்துப் பார்க்காதவரை வெளியே தெரியாது.

அப்புறம் உறை. சாதாரண பாலிப்ரொப்பிலீன் உறையும் இதழுக்குப் பின்னால் வைக்கும் அட்டையும் நிரந்தரம் இல்லை. ஐந்து முதல் ஏழு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், நம் ஊர் ஈரத்தில் நான் அதற்கும் முன்பே மாற்றிவிடுவேன். மைலார் (பாலியெஸ்டர்) உறை நீண்ட காலம் தாங்கும், ஆனால் விலை கூட. ஸ்லாட் எழுதிய இதழ்களை 648-லிருந்து 801 வரை, நடுவில் வந்த சுப்பீரியர், இரண்டு முறை புதிதாக 1 என்று தொடங்கிய எண்கள் எல்லாம் சேர்த்து அடுக்கினால் காமிக்ஸ் வைக்கும் குட்டை அட்டைப் பெட்டி ஒன்று ஏறக்குறைய நிறைந்துவிடும். சுமார் நூற்றைம்பது இதழ். ஒவ்வொன்றாக உறை பிரித்து, பின்னைப் பார்த்து, புது உறைக்குள் நழுவவிட்டு, ஒட்டும் நாடா இதழின் முதுகில் படாமல் மடித்து மூட வேண்டும். விரும்பிச் செய்கிற வேலைதான், ஆனாலும் வேலைதான்.

பெட்டியை எங்கே வைப்பது என்பது அடுத்த தலைவலி. புது வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் எல்லாரும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாம் ஷெல்டர் என்ற பாதுகாப்பு அறையைத்தான் கிடங்காக்குகிறோம். இரும்புக் கதவைச் சாத்தினால் உள்ளே காற்று நகராது, பூஞ்சணத்துக்கு அதைவிட வசதியான இடம் இல்லை. கட்டிலுக்கு அடியில் வைத்தால், வீடு துடைக்கும் ஈரத்தை அட்டைப் பெட்டியின் அடிப்பகுதி உறிஞ்சிக்கொள்ளும். பெட்டியைத் தரையில் வைக்கவே கூடாது. நாலு மரக்கட்டையாவது கீழே கொடுக்க வேண்டும். கடையில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்களில் தண்ணீர் நிறைந்துகொண்டே வரும், ஒன்று கவிழ்ந்தால் போதும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும், ஈரம் புகாத ட்ரை கேபினெட் நல்ல தீர்வு, ஆனால் ஒரு முழுப் பெட்டியை விழுங்கும் அளவு வாங்கினால் வரவேற்பறையில் அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும். இதற்கெல்லாம் நடுவே இராமபாணப் பூச்சி வேறு. பெட்டி அட்டையின் பசைக்கே அது வந்து சேரும்.

இவ்வளவு உழைப்பையும் முடிந்துபோன ஒரு கதைக்குச் செய்ய எனக்கு மனம் இருக்கிறது. முடிவே இல்லாத தொடருக்குச் செய்ய முடியவில்லை. ஸ்பென்சர் காலத்தில் மூன்று வருடத்தில் 74 இதழ், துணை இதழ்கள் தனி. மாதத்துக்கு இரண்டு என்று வந்தது. இதழுக்கு 3.99 அமெரிக்க டாலர் என்று வைத்தாலே கிட்டத்தட்ட 300 டாலர். அது பெரிதில்லை. அந்தப் பாதிப் பெட்டியையும் சில வருடத்துக்கு ஒருமுறை பிரித்து மூட வேண்டும் என்பதுதான் பெரிது. எழுத்தாளர் விலகும் இடம் அதை நிறுத்த இயல்பாக அமைந்த இடம். கதையும் நிற்கிறது, எண்ணும் நிற்கிறது.

இரண்டாவது வழி, நான் தேர்ந்தது: கெட்டி அட்டைத் தொகுப்பு. அதில் ஸ்டேப்பிள் பின் கிடையாது, ஆகவே அந்தத் துருவும் கிடையாது. நிமிர்த்தி வைத்து, பின்சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி நிறுத்தி, நடுநடுவே எடுத்துப் பக்கங்களைப் புரட்டிக் காற்றாட விட்டால் போதும். அதிலும் குறை இருக்கிறது. மேலுறை அலை அலையாக நெளியும். வழவழத் தாள் ஈரம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் உரியும். பெரிய தொகுப்பை மடியில் வைத்துத்தான் படிக்க முடியும், எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு படிப்பது நடக்காது. முக்கியமாக, என்னிடம் இருக்கும் தொகுப்புகளுக்கு வயது அதிகமில்லை. இருபது வருடம் இந்த ஊர்க் காற்றில் இருந்தபின் அவற்றின் பசையும் முதுகும் எப்படி இருக்கும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. இதுவரை நன்றாக இருக்கின்றன.

மறுவிற்பனையை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம். 700 போன்ற சில இதழ்களைக் கேட்டு வாங்குவார்கள். மற்றவற்றைக் கரோசல் விற்பனைத் தளத்தில் மொத்தமாகப் போட்டால் அட்டை விலையில் ஒரு பகுதி கிடைத்தாலே நல்ல விற்பனை. ஸ்டேப்பிள் துருப்பிடித்திருந்தால் அதுவும் இல்லை.

மூன்றாவது வழி, எழுத்தாளரின் பின்னாலேயே போவது. ஸ்லாட் 2018இல் அயர்ன் மேனுக்கும் ஃபென்டாஸ்டிக் ஃபோருக்கும் போனார். ஃபென்டாஸ்டிக் ஃபோரில் பென்னுக்கும் அலிசியாவுக்கும் கல்யாணம் நடக்கும் ஐந்தாம் இதழ்வரை வாங்கிப் படித்தேன், அன்பாக எழுதியிருந்தார். ஆனால் எனக்கு ஒட்டவில்லை. நான் நேசித்தது ஸ்லாட்டை மட்டும் இல்லை, பீட்டரை எழுதும் ஸ்லாட்டை. அவரே 2022இல் மார்க் பேக்லியோடு மறுபடி ஸ்பைடர்மேன் எழுத வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 1975-லிருந்து 1991 வரை எக்ஸ்-மென் எழுதிய கிறிஸ் கிளேர்மான்ட் போனபோதும் எல்லாம் முடிந்தது என்றார்கள், அவரும் பின்னால் திரும்பி வந்தார். இந்த உலகில் பிரிவு பெரும்பாலும் தற்காலிகம்.

நான்காவது, திரையில் படிப்பது. மார்வெலின் சந்தா சேவையான மார்வெல் அன்லிமிடெடில் புது இதழ்கள் அச்சில் வந்து மூன்று மாதம் கழித்து வருகின்றன. ஈரம், துரு, பூச்சி எதுவும் இல்லை. பராமரிப்புதான் பிரச்சினை என்று இவ்வளவு பேசியவன் இதைத்தானே தேர்ந்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். நான் இதில் அதிகம் படித்ததில்லை. 655இன் அந்த மௌனப் பக்கங்களை ஒவ்வொரு கட்டமாகத் திரையில் தள்ளிப் பார்த்தபோது பக்கத்தின் முழு அமைதி கிடைக்கவில்லை. பழகியவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள், அவர்கள் சொல்வதையும் கேளுங்கள். சந்தாவை நிறுத்தினால் அலமாரி காலி என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஸ்லாட் காலத்தைத் தொகுப்பாக மாற்ற நினைப்பவர்களுக்கு என் ஏற்பாட்டைச் சொல்கிறேன். 655, 700, 800, 801 ஆகிய நான்கையும் உதிரியாகவே மைலார் உறையில் வைத்திருக்கிறேன். நான்கு இதழைப் பார்த்துக்கொள்வது சுலபம். மீதியைப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் அக்கா மகனிடம் கொடுத்துவிட்டேன். அவன் உறையெல்லாம் போடுவதில்லை, சாப்பிடும்போதும் வைத்துப் படிக்கிறான், படிக்கட்டும். ஸ்பென்சரை இனிமேல் ஆரம்பிக்க நினைப்பவர்கள் முதலில் தேசிய நூலகத்தில் அவரது தொகுதிகள் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். ஒரு தொகுதியில் ஐந்தாறு இதழ்கள் இருக்கும், மூன்று வாரத் தவணைக்குள் நிதானமாக முடித்துவிடலாம். பிடித்திருந்தால் அதன்பிறகு வாங்கலாம்.